டர்போ வண்டிக்கு அலுமினியம் பைப்பா, இரும்பு பைப்பா?

ஹட்டனில் எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேடிஎச் வேனோ, எல் 200 பிக்கப்போ, பழைய பைப் வெடித்திருக்கும். இல்லையென்றால் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போட ஆசைப்பட்டிருப்பார்கள். "அண்ணே, எதைப் போடலாம்?" என்பார்கள். எந்த இடத்துப் பைப் என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை.

எஞ்சினிலிருந்து டர்போவுக்கும், அங்கிருந்து சைலன்சருக்கும் புகை போகும் பக்கம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, இரும்பு, ஸ்டீல் என்ற இரும்புச் சாதிதான். சுமையோடு ஏற்றம் ஏறும்போது டீசல் எஞ்சினின் புகை 700 பாகை செல்சியஸைத் தொடும், பெற்றோலில் 900ஐயும் தாண்டும். அலுமினியம் 660இல் உருகிவிடும். 200ஐத் தாண்டும்போதே அதன் பலம் போகத் தொடங்கிவிடும்.

டர்போ அழுத்திய காற்று இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் பக்கத்தில்தான் குழப்பம். அங்கே சூடு பெரும்பாலும் 150 பாகைக்குள் நிற்பதால் இரண்டு உலோகமும் தாங்கும். அலுமினியம் காற்றைக் குளிர்விக்கும் என்று சொல்லி விற்பார்கள். சாதாரண இரும்பைவிட அது மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் காற்று பைப்புக்குள் இருப்பது கண் இமைக்கும் நேரம். குளிர்விப்பது இன்டர்கூலரின் வேலை. அதற்காகப் பைப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

என் கவலை துரு. நம் பக்கத்து மழையிலும் பனிமூட்டத்திலும் காற்றே ஈரம். சூடான காற்று இன்டர்கூலரில் குளிரும்போது அந்த ஈரம் உள்ளேயே தண்ணீராகப் படியும். ஏர் ஃபில்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. இன்டர்கூலருக்குப் பிறகு வடிகட்ட எதுவும் இல்லை. அந்தப் பைப்பில் உரிகிற துரு நேரே சிலிண்டருக்குள் போகும். சந்தேகமிருந்தால் கழற்றிய பைப்பை ஒரு பேப்பர் மேல் நிமிர்த்தி வைத்து மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூளோடு நகத்துண்டு போல மெல்லிய சில்லுகள் விழுந்தால் அதை மறுபடி மாட்டாதீர்கள். வேனை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, எஞ்சின் போனால் எல்லாம் போச்சு.

அதனால் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு அலுமினியம், அல்லது எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை உள்ள பைப்பில் டர்போ எண்ணெய் கொஞ்சம் படிந்திருப்பதால் துரு குறைவு. புகை போகும் எக்ஸோஸ்ட் பைப்பை ஒட்டி நெருக்கமாகப் போகிற இடமென்றால் அங்கே நான் இரும்புச் சாதியையே போடுவேன்.

அடுத்தது வெல்டிங். அலுமினியத்துக்கு ஏசி மின்னில் ஆர்கன் வெல்டிங் வேண்டும், பழகிய கையும் வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையா? 304 எடுங்கள், அல்லது கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ரெடிமேட் வளைவுகளை ஹோஸ் போட்டு இணையுங்கள். அலுமினியம் 2 மில்லிமீட்டர், ஸ்டீல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். பழைய நாற்காலிக் குழாயை வெட்டிக் கொண்டுவருகிறார்கள். அது கிளிப் இறுக்கும்போதே நசுங்கும். பைப்பின் வாய் ஓரத்தில் சுற்றிலும் ஒரு மேடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போது ஹோஸ் கழன்றுவிடும்.

அலுமினியத்தில் வெல்டிங் அடித்த இடத்தின் பக்கத்தில் உலோகம் மென்மையாகிவிடும். தோட்டத்து ரோட்டில் குலுங்கும்போது கீறல் விழுவதும் அங்கேதான். பைப்பை ஹோஸில் தொங்கவிடாமல் பிராக்கெட் அடியுங்கள். ஒரே பைப்பை எஞ்சினிலும் பாடியிலும் சேர்த்துக் கட்டவே கூடாது. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. இரும்புப் பிராக்கெட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் ரப்பர் வையுங்கள், நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

மாட்டுமுன் வெட்டுத்தூளை மண்ணெண்ணெய்த் துணியால் இழுத்துத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் இரு முனையையும் அடைத்து 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். இந்தச் சோதனையைக் கொழும்புக்காரர் விட்டாலும் நாம் விடக்கூடாது. 1868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுழன்றுதான் காற்றைச் சேர்க்கிறது. அதில் ஒரு குமிழி அளவு கசிந்தாலும் றம்பொடை ஏற்றத்தில் கரும்புகையாகத் தெரியும்.

குமிழி வரவில்லையா, சரி. நானுஓயா வரை ஒருமுறை ஏறி இறங்கி வாருங்கள். எஞ்சின் ஆறியபின் கிளிப் எல்லாவற்றையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். புது சிலிக்கன் ஹோஸ் முதல் சூட்டில் கொஞ்சம் இளகியிருக்கும்.