கல்விக்கடன், உதவித்தொகை: சொற்களைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் சிக்கல்கள்

"படிக்கும்வரை எதுவும் கட்ட வேண்டாம், வேலைக்குப் போனதும் கட்டினால் போதும்." கல்விக்கடன் வாங்கப் போகும் பெற்றோர் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. இதைக் கேட்டுவிட்டு, அதுவரை வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு. மொரட்டோரியம் என்பது தவணைக்கு மட்டும் கிடைக்கும் அவகாசம். பொதுவாகப் படிப்புக்காலமும் அதன்பின் ஓர் ஆண்டும். வட்டியோ வங்கி பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய், தனிவட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக, முதல் தவணை கட்டும் முன்பே 4 லட்சம் கடன் 5.4 லட்சமாகிவிடும். அப்புறம் இந்த மொத்தத்துக்கும் வட்டி. முடிந்தவர்கள் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுவது நல்லது. அப்படிக் கட்டினால் வட்டி விகிதத்தைக் கொஞ்சம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேளுங்கள்.

வட்டி மானியம் என்பதைக் கடன் தள்ளுபடி என்று எண்ணுவது அடுத்த தவறு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவிலேயே தகுதியுள்ள தொழிற்படிப்பு படித்தால், மொரட்டோரியக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அசலை நாம்தான் கட்ட வேண்டும். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுக்காமல் இருந்துவிட்டு, மானியம் தானாக வரும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தேர்தல் நேரத்துத் தள்ளுபடிப் பேச்சை நம்பித் தவணையை நிறுத்துவது இன்னும் மோசம். கடன் பத்திரத்தில் அப்பாவும் அம்மாவும் வெறும் சாட்சிக்காகக் கையெழுத்துப் போடுவதில்லை, அவர்களும் கடனாளிகள்தான். தவணை தவறினால் அவர்களுடைய சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) சேர்ந்தே விழும்.

அடமானம் இல்லாமல் கடனே கிடைக்காது என்று விண்ணப்பிக்காமல் விடுவதும் தவறு. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை பெற்றோர் கையெழுத்தே போதும். 7.5 லட்சம் வரை வெளியாள் ஜாமீன் கேட்கலாம். சொத்து கேட்பது அதற்கு மேல்தான்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கிடைக்கும் முதல் பட்டதாரி சலுகையிலும் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் அரசு கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்கே இது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலும் கிடையாது. சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். விடுதி, பஸ் கட்டணமெல்லாம் நம் பொறுப்பு. அதனால் கல்லூரியில் சேரும் முன்பே கட்டணத்தைத் தலைப்புவாரியாக எழுதி வாங்கிவிடுங்கள். கடன் எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்யவும் அந்தத் தாள்தான் வேண்டும்.