விட்டு விட்டு எரியிற ஹெட்லைற்: பல்ப்பை மாத்த முதல் எர்த்தைப் பாருங்கோ

போன மாரியில வேலணைப் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் தன்ரை காரை என்ரை மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்தா. "தம்பி, இடப்பக்க லைற் பண்ணைப் பாலத்தில நூந்து போகுது. இறங்கி பொனற்றில ஒருக்காத் தட்டினா எரியுது. இரண்டு பல்ப் மாத்தியாச்சு" எண்டா. கடை வாசல்ல போட்டுப் பாத்தா இரண்டு லைற்றும் வடிவாய் எரியுது. விட்டு விட்டு வாற பழுது எப்பவும் இப்பிடித்தான், மெக்கானிக்குக்கு முன்னால ஒளிச்சுப் போயிடும். இரவில மாடு படுத்திருக்கிற றோட்டில ஒற்றை லைற்றோட வாறது உயிரோட விளையாடுற வேலை. அதால இதைத் தேடிப் பிடிக்கிற முறையை முழுசாய்ச் சொல்லிவிடுறன்.

காரைத் தொட முதல் ஒரு கடதாசியில எழுதுங்கோ: ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? டிம் மட்டுமா, பிறைற்றும் சேர்த்தா? குழியில விழேக்கயா, மழைக்கா, அரை மணித்தியாலம் ஓடி சூடேறின பிறகா? பாதி வேலை இதிலயே முடிஞ்சிடும். இரண்டு பக்கமும் ஒண்டாய் நூந்தா பல்ப்பைத் தேடாதேங்கோ. ரிலே (சுவிச் சொல்ல, லைற்றுக்குப் போற பெரிய மின்னைத் திறந்து மூடுற சின்னப் பெட்டி), சுவிச், இல்லாட்டி இரண்டுக்கும் பொதுவான வயர். ஒரு பக்கத்தில டிம்மும் பிறைற்றும் சேர்ந்து போனா அந்தப் பக்கத்து எர்த் (மின் பற்றரிக்குத் திரும்பிப் போக காரின்ரை உடம்போட தொடுத்த வயர்) அல்லது பியூஸ். ஒரு பக்கத்து டிம் மட்டும் போனா பல்ப் அல்லது அதின்ரை பின்னால பூட்டுற சொக்கற். சூடேறினா நூந்து, ஆறினா எரிஞ்சா ரிலேயிலயோ சுவிச்சிலயோ சந்தேகப்படுங்கோ.

பல்ப்பைச் சோதிக்கப் புதுசு வாங்கத் தேவையில்லை. இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாத்திப் போடுங்கோ. பழுது பல்ப்போட சேர்ந்து அடுத்த பக்கம் போனா பல்ப்தான். அறுந்த இழை சில நேரம் தொட்டுக்கொண்டு நிண்டு எரியும். பழுது அதே பக்கத்தில நிண்டா பல்ப்பை விடுங்கோ. கண்ணாடியைக் கையால தொடவேண்டாம். விரல் எண்ணெய் பட்ட இடம் கூடச் சூடாகி பல்ப் கெதியாய்ப் போயிடும். தொட்டுட்டா ஸ்பிரிட்டால துடையுங்கோ.

அடுத்தது சொக்கற். கழட்டி வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. பிளாஸ்ரிக் மண்ணிறமாய்க் கருகியிருக்கா? உள்ளுக்குள்ள தகடு இளகி அகண்டிருக்கா? அப்பிடியெண்டா சுரண்டித் திரும்பப் போடாதேங்கோ, பீங்கான் சொக்கற் ஒண்டு வாங்கி மாத்துங்கோ. வெளிச்சம் காணாது எண்டு 100 வாற் பல்ப் போடுற பிள்ளைகளுக்கும் இந்த இடத்தில ஒண்டு சொல்லவேணும். டிம்மும் பிறைற்றும் ஒண்டிலயே இருக்கிற சாதாரண எச்4 பல்ப் பிறைற்றுக்கு 60 வாற், டிம்முக்கு 55. 60 வாற்றுக்கு 12 வோல்ற்றில 5 அம்பியர் ஓடும். 100 வாற்றுக்கு 8 அம்பியருக்கு மேல. இளகின தொடுப்பில பிறக்கிற சூடு ஏறக்குறைய மூண்டு மடங்காகும். நான் கழட்டின உருகின சொக்கற்றுகளில கனக்க இப்பிடி வந்ததுதான்.

இனி முக்கியமான இடம். கனபேர் சொக்கற்றைக் கழட்டிப்போட்டு மீற்றரை வைச்சு, "12 வோல்ற் வருது, வயர் நல்லாத்தான் இருக்கு" எண்டு முடிவெடுக்கினம். அது பிழை. வயருக்குள்ள ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், சுமை இல்லாதபோது மீற்றர் 12 காட்டும். 5 அம்பியர் இழுக்கேக்கதான் அந்த இழை கைவிடும். பல்ப் எரிஞ்சுகொண்டு இருக்கேக்கதான் அளக்கவேணும்.

மீற்றரை டிசி 20 வோல்ற்றில வையுங்கோ. பல்ப்பைப் பூட்டி லைற்றைப் போடுங்கோ. கறுப்பு முனையை பற்றரியின்ரை நெகற்றிவ்வில, சிவப்பு முனையை சொக்கற்றின்ரை பின்பக்கத்தால எர்த் வயரில தொடுங்கோ. 0.2 வோல்ற்றுக்குள்ள நிண்டா எர்த் நல்லது. ரீச்சரின்ரை காரில 0.4 காட்டினது. வயரை மெல்லமாய் ஆட்டினன். 3 வோல்ற்றுக்கு ஏறினது, லைற் மங்கினது. அவவுக்கும் கூப்பிட்டுக் காட்டினன்.

ஒரு எச்சரிக்கை. பழைய டொயோட்டா பலதில முறை மாறி இருக்கும். சொக்கற்றின்ரை மூண்டு முனையில, டிம்முக்கும் பிறைற்றுக்கும் பொதுவான வயரில பொசிற்றிவ் வரும், சுவிச் எர்த் பக்கத்தை வெட்டும். லைற் எரியேக்க பொதுவான வயரில 12 காட்டினா உங்கடை கார் அந்த வகை. அந்த வயரை எர்த் எண்டு நினைச்சு பற்றரி நெகற்றிவ்வோட தொடுத்தா பியூஸ் போகும்.

எர்த் வயர் போய்ச் சேருற போல்ற் அனேகமாய் மட்காட்டுக்குள்ள, லைற்றுக்குக் கிட்ட இருக்கும். கழட்டினன். தகட்டுக்குக் கீழ கறள், வயர் நுனியில பச்சைக் களிம்பு. இரண்டு பக்கமும் உப்புத்தண்ணி கிடக்கிற பண்ணை றோட்டில தினம் போய்வாற காருக்கு இது வராமல் விடாது. பற்றரி நெகற்றிவ்வைக் கழட்டிப்போட்டு, போல்ற் இருக்கிற இடத்தை வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கோ. வயர் நுனியை வெட்டி, நல்ல செம்பு வந்த பிறகு புதுத் தகடு அழுத்துங்கோ. இறுக்கிப்போட்டு மேல வாசலின் அல்லது கிறீஸ் பூசுங்கோ. பூசுறது இறுக்கின பிறகுதான்.

எர்த் சரியெண்டா அதே முறையில மற்றப் பக்கத்தையும் அளவுங்கோ: ஒரு முனை பற்றரி பொசிற்றிவ்வில, மற்றது எரியிற லைற்றின்ரை பொசிற்றிவ் வயரில. மீற்றர் அரை வோல்ற்றுக்கு மேல காட்டினா வழியில எங்கையோ நட்டம். இரவில காரைச் சுவருக்கு முன்னால நிப்பாட்டி, ஒராளைச் சுவரில விழுகிற வெளிச்சத்தைப் பாக்கவிட்டு, லைற்றிலிருந்து பின்னுக்கு வயரைச் சாண் சாணாய் ஆட்டிக்கொண்டு போங்கோ. எலி கடிச்ச இடமும், முந்தி ஆரோ ஹோர்னுக்கோ பொக் லைற்றுக்கோ முறுக்கி ரேப் சுத்தின இடமும் இப்பிடித்தான் பிடிபடும். வயரில ஊசி குத்திச் சோதிக்காதேங்கோ. அந்தத் துளையால உப்புக்காத்துப் போய் அடுத்த மாரிக்குச் செம்பு கறுத்துப் போயிருக்கும். றேடியேற்றர் ஃபான் தானாய்ச் சுத்தத் தொடங்கும், கையைக் கவனம்.

ரிலேக்கு அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலேயை மாத்திப் போட்டுப் பாத்தாப் போதும். சுவிச்சில கருகல் மணமோ சூடோ இருந்தா, அனேகமாய் அது முழு மின்னையும் தானே சுமக்குது எண்டு அர்த்தம். சுவிச்சை மாத்தி, கூடவே ஒரு ரிலேயும் போடுவியுங்கோ. பியூஸ் அடிக்கடி போகுதெண்டு பெரிய பியூஸ் போடவேண்டாம், வயர் எரியும்.

ரீச்சரின்ரை காரில வேலை முடிய 0.05 வோல்ற் காட்டினது. அவவை இருத்திக்கொண்டு பண்ணைக்குப் போய்த் திரும்பி வந்து, சொக்கற்றைத் தொட்டுப் பாத்தன். சூடில்லை. அவ மாத்தின இரண்டு பழைய பல்ப்பையும் பூட்டிப் பாத்தம், இரண்டும் எரிஞ்சுது. ஒண்டைக் கடதாசியில சுத்தி டாஷ்போட்டுக்குள்ள வைச்சுவிட்டன்.