தோட்டத்து மைதானத்திலிருந்து கழகத்துக்கு: ஊர் ஊராகப் பந்தாடிப் பிழைக்க நினைக்கும் தம்பிக்கு

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உதைபந்து தொடுகிற பையன்கள் எல்லோருமே முன்கள வீரர்கள்தான். தீபாவளிச் சுற்றுப்போட்டியில் அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. நாலு பேரை வெட்டி கோல் போட்டவனைத் தோளில் தூக்கி ஆடுவார்கள். ஆனால் தம்பி, நகரத்துக் கழகம் அவனைத் தேடி வராது. அப்படி ஆடுகிறவர்கள் அவர்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். எந்தக் கழகத்துக்கும் எப்போதும் கிடைக்காதவன் இடது காலால் ஆடும் பின்கள வீரன். நான் வலது காலன்தான். இடது காலைக் கங்காணியார் வீட்டுச் சுவரில் அடித்து அடித்துப் பழக்கினேன். (அவர் திட்டியதை எழுத முடியாது.) ஹட்டனிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் எனக்கு இடம் வாங்கித் தந்தது அந்தக் கால்தான்.

பதினொருவர் ஆட்டம் வேறு. மைதானத்தின் நீளம் 90 மீற்றருக்குக் குறையாது. எழுவர் ஆட்டத்தில் பழகியவன் பந்தின் பின்னாலேயே ஓடி, இடைவேளைக்குள் களைத்துவிடுவான். ஹட்டன் டன்பார் மைதானத்தில் பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் பந்தைப் பார்க்காதே. பந்து மறுகோடியில் இருக்கும்போது பின்கள வீரன் எங்கே நிற்கிறான் என்று பார்.

அடுத்தது கடதாசி வேலை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் உன் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் பலருக்கு அது அப்படி இல்லை. கழகப் பதிவு தொடங்கிய பிறகு ஓடித் திரியாமல் இப்போதே திருத்திக்கொள். முகவரியாக லயன் (தோட்டத்து வரிசை வீடு) இலக்கத்தைக் கொடுக்காதே. பயிற்சிக்கு அழைக்கும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, பயிற்சி முடிந்த பிறகு உன் கைக்கு வரும். டவுனில் தெரிந்த கடை முதலாளியின் முகவரியைக் கேட்டு வாங்கு.

பதிவுப் படிவத்தில் எழுதாத இடம் ஒன்று இருந்தாலும் கையெழுத்துப் போடாதே. ஒரு கழகம் எனக்கு விடுவிப்புக் கடிதம் (வேறு கழகத்துக்குப் போக விடும் கடிதம்) தராமல் ஒரு பருவம் முழுவதும் என்னைப் பெஞ்சிலும் உட்கார வைக்காமல் வீட்டிலேயே வைத்திருந்தது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் விதிப்படி ஒரு பருவத்தில் மூன்று கழகங்களில் பதியலாம்; ஆனால் இரண்டுக்கு மட்டுமே உத்தியோகபூர்வ ஆட்டம் ஆடலாம். எனவே பாதிப் பருவத்தில் மாறுவதை ஒரே ஒரு சந்தர்ப்பமாக எண்ணிக்கொள்.

பணம் பேசும்போது "எவ்வளவு தருவீர்கள்?" என்று தொடங்காதே. பஸ் காசு யார் தருவது, காயம் பட்டால் மருந்துச் செலவு யாருடையது, வேலை நாளில் ஆட்டம் வந்தால் தோட்டத்தில் போகிற பெயருக்கு (அந்த நாள் கூலிக்கு) ஈடு உண்டா என்று இந்த ஒழுங்கில் கேள். மூன்றாவது கேள்விக்குச் சிரிக்கிற செயலாளரிடம் ஒப்பந்தம் வேண்டாம். கழகத்தின் புகழை நான் கணக்கில் எடுப்பதில்லை. கடையிலோ கராஜிலோ வேலை வாங்கித் தரும் சின்னக் கழகம், பேர் பெற்ற கழகத்தின் கைச்செலவுக் காசைவிட மேல். இன்னும் மேல் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். அங்கே பந்தோடு நிரந்தரச் சம்பளமும் வரும். 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையைத் தடை செய்து ஆகஸ்டில்தான் நீக்கியது. சர்வதேச ஆட்டம் நின்றது, மாதச் சம்பளக்காரனுக்குச் சம்பளம் நிற்கவில்லை.

கொழும்பு ஆட்டம் என்றால் உடம்பு வேறு கதை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். அங்கே குளிரில் ஓடியவனுக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அறுபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடிக்கும். நான் ஆடிய காலத்தில் பதுளை இரவு அஞ்சல் ரயிலில் ஏறி விடியற்காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்குவோம். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடி, ஜீவனிப் பொட்டலம் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) ஒன்று பையில் இருக்கட்டும். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும். கொத்து ரொட்டியை ஆட்டம் முடிந்து சாப்பிடு. மைதானத்தில் சிங்களத்தில் கத்தவும் பழகு: வமட (இடப்பக்கம்), தகுணட (வலப்பக்கம்), பஸ்ஸட (பின்னால்). வாய் திறக்காத பின்கள வீரனை எந்தக் கோல் காப்பாளனுக்கும் பிடிக்காது.

மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கம் மைதானமெல்லாம் சேறு. நீளக் கூர் உள்ள பூட்ஸ் ஒரு சோடி வேண்டும். பழையதே போதும், அளவு சரியாக இருந்தால். நனைந்ததை அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும். பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரவில் ஒரு முறை தாளை மாற்று.

முப்பது வயது நெருங்கும்போது ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் 'டி' தரப் பயிற்றுநர் சான்றிதழுக்கு விண்ணப்பி. ஆடிக்கொண்டிருக்கும்போதே போ. அப்போதுதான் கட்டணத்தைக் கழகத்தின் தலையில் கட்ட முடியும்.