ஸ்பிரே பெயின்ட் டின் மக்கர் பண்ணினால்

பழைய மேசை ஃபேன்களை வாங்கி, காயில் கட்டி, புஷ் மாற்றி, பெயின்ட் அடித்து விற்பது என் பிழைப்பு. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் பட்டறை. 16 அங்குல ஃபேனின் முன்கூண்டை ஒருமுறை பிரஷ்ஷால் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பிக்குக் கம்பி பெயின்ட் சொட்டி, முடிச்சு முடிச்சாக உறைந்து நிற்கும். கூண்டுக்கு ஸ்பிரேதான் சரி. கம்ப்ரசர் வாங்கும் அளவுக்கு வேலை வருவதில்லை என்பதால் 400 மில்லி டின்களை நம்பியே ஓட்டுகிறேன்.

அந்த டின்கள் அடிக்கடி சண்டித்தனம் செய்யும். குலுக்கினால் உள்ளே பெயின்ட் தளும்புவது கையில் தெரியும். அழுத்தினால் 'ஸ்ஸ்' என்று காற்று மட்டும் வரும். ஒரு தடவை புதிதாக வாங்கிவந்த டின்னே இப்படி ஆனது. கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது, டின்னுக்குள் பெயின்டைவிடக் கேஸ்தான் அருமை என்பது. கேஸ் போய்விட்டால் மிச்சப் பெயின்ட் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுப்படி சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பல டின்களில் இருப்பதும் அதே புரொப்பேன், பியூட்டேன் வகைதான். அழுத்தத்தில் திரவமாகிப் பெயின்டோடு கலந்து கிடக்கும். சிலிண்டர் தீரும் நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிவதுபோல, உள்ளே திரவ கேஸ் இருக்கும்வரை ஸ்பிரேயின் வேகமும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். 1949-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவர் அலுமினியப் பெயின்டை இப்படி முதன்முதலில் டின்னில் அடைத்தார். இன்று நம் கையில் இருக்கும் டின்னும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

குலுக்கும் சத்தம்

என் அனுபவத்தில் பாதித் தொல்லை சரியாகக் குலுக்காததால் வருவது. டின்னுக்குள் ஒரு குண்டு இருக்கிறது. நாள்பட்ட டின்னைக் கையில் எடுத்துக் குலுக்கினால் முதலில் சத்தமே வராது. அடியில் கெட்டியாகப் படிந்த வண்ணத்துக்குள் குண்டு புதைந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று ஈரமான சத்தம் வரும். விடாமல் குலுக்கினால் அது மெல்ல மெல்லத் தெளிந்து, 'கிளிங் கிளிங்' என்று தகரத்தில் மோதும். அந்தத் தெளிந்த சத்தம் வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து முழுசாக 2 நிமிடம். பலர் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

லீவுக்கு வரும் என் அண்ணன் மகனுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். "அத்தை, சத்தம் மாறிருச்சு!" என்று அவன் சொன்னால் நான் பார்க்காமலே நம்புவேன். குலுக்கிக் கொடுத்ததும் அவனைக் கீழே அனுப்பிவிடுவேன். அடிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சில்வர், மேட் பிளாக் இரண்டுக்கும் இன்னும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சில்வரின் உலோகத் தூளும், மேட்டின் பளபளப்பைக் குறைக்கும் தூளும் சீக்கிரம் அடியில் தங்கும். சரியாகக் கலக்காவிட்டால் முதலில் தண்ணியாக வந்து வழியும், கடைசியில் கெட்டியாக வந்து அடைக்கும். அதற்குள் கேஸில் பெரும்பங்கு அந்தத் தண்ணிப் பெயின்டோடு போயிருக்கும். அடிக்கும்போதும் நிமிடத்துக்கு ஒருமுறை நாலு குலுக்கு குலுக்குங்கள்.

குண்டு அசையவே இல்லையென்றால் ஒரு ராத்திரி டின்னைத் தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் உள்ளங்கையால் அடியில் தட்டிக் குலுக்கினால் அநேகமாக விடும். சுத்தியலால் தட்டக் கூடாது.

நாசிலா, வால்வா?

அழுத்தியும் ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் நாசிலை, அதாவது விரலால் அழுத்தும் அந்த ஓட்டை வைத்த மேல்முனையை, சந்தேகப்படுங்கள். அதைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு டின்னின் நாசிலை மாட்டிப் பாருங்கள். ஓடினால் டின்னில் குறையில்லை. இரண்டு வகை உண்டு: சிலவற்றில் சின்னக் குழல் டின்னிலேயே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் நாசிலோடு சேர்ந்திருக்கும். ஒன்றின் நாசில் மற்றதற்குப் பொருந்தாது. மாட்டும்போது நாசில் வாய் முகத்தைப் பார்க்காமல் இருக்கட்டும்.

அடைத்த நாசிலை, பெயின்டைக் கரைக்கும் என்.சி. தின்னரில் கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம். சில பிளாஸ்டிக் உப்பிப்போகும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷின் ஒற்றை நாரைப் பிடுங்கி ஓட்டையில் விட்டு எடுங்கள். பெரும்பாலோர் இங்கே குண்டூசியைத் தேடுவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த ஓட்டை எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியும்; ஊசி அதன் விளிம்பைக் கிழித்துவிட்டால் புகைபோல் விரிய வேண்டிய பெயின்ட் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். அந்த நாசிலை அப்புறம் சரிசெய்ய முடியாது. நான் தீர்ந்துபோன டின்களின் நாசில்களைக் கழுவி, மூடியிறுக்கமான பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நல்ல நாசிலை மாட்டியும் வரவில்லையா? வால்வின் வாயில் பெயின்ட் காய்ந்திருக்கும். தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்து, சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அதற்கு மேல் நோண்டாதீர்கள். டின்னில் ஆணியடித்துத் துளை போடுவதோ, சைக்கிள் பம்ப்பால் காற்றேற்றுவதோ கூடவே கூடாது. உள்ளே இருப்பது எரியும் வாயு.

விரலை எடுத்த பிறகும் ஸ்பிரே நிற்காமல் வந்தால் பதற வேண்டாம். நாசிலைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் நெருப்பில்லாத வெட்டவெளியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் வாயை வைத்து முழுசும் வெளியேற விட்டுவிடுங்கள்.

துப்பித் துப்பி வந்தால்

நாசில் நுனியில் பெயின்ட் திரண்டு நின்றாலும் துப்பும். பனியன் வேஸ்ட்டால் அவ்வப்போது துடைத்துக்கொண்டாலே போதும்.

துடைத்தும் துப்பினால் டின்னைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும். திரவ கேஸ் ஆவியாகும்போது வெப்பத்தை டின்னிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் குறையும். விடாமல் அடித்தால் சித்திரை வெயிலிலும் இது நடக்கும். ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி எடுக்கலாம். பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு போதும். அடுப்பும் கொதிநீரும் ஆகவே ஆகாது. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும், அதில் டின்னை விட்டுவைக்காதீர்கள்.

டின்னைச் சாய்க்கும் விதத்தையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய் அடிவரை போய் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். பாதி தீர்ந்த டின்னை முன்னால் சாய்த்து அடித்தால் பெயின்ட் முன்மூலைக்கு ஓடிவிடும். குழாய் பின்பக்கம் வளைந்திருந்தால் அது வெறும் கேஸைத்தான் உறிஞ்சும். சில டின்களில் வால்வைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு புள்ளி இருக்கும். குழாய் வளைந்த பக்கம் அது. கீழ்நோக்கி அடிக்கும்போது நாசில் வாயை அந்தப் புள்ளிப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். புள்ளி இல்லையென்றால், துப்பும்போது நாசிலை அரை வட்டம் திருப்பிப் பாருங்கள். இது தெரியாத நாட்களில் பாதிப் பெயின்டோடு எத்தனையோ டின்களை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

பெயின்ட் விழுந்த பிறகு தெரியும் கோளாறு

வழிந்தால் கிட்டத்தில் வைத்து அடித்திருக்கிறீர்கள், சொரசொரவென்று மணல்போல் இருந்தால் தள்ளி வைத்து. ஒரு சாண் தூரம், அதற்கு மேல் நாலு விரல். இதுதான் என் கணக்கு. கூண்டுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்க வேண்டும். ஆடிக் காற்றில் பெயின்ட் கம்பிக்குப் போய்ச் சேருமுன்பே காய்ந்துவிடும் என்பதால், அந்த மாதம் மூன்று பக்கமும் அட்டை கட்டிக்கொள்வேன்.

சின்னச் சின்னக் குழியாகப் பெயின்ட் விலகி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு. ஃபேனில் இது தீராத தொல்லை, கியர் பெட்டி கிரீஸ் எங்கெல்லாமோ ஒட்டியிருக்கும். தின்னர் துணியால் துடைத்து, அது காயுமுன் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். ஒரே துணியென்றால் எண்ணெயை இடம் மாற்றிப் பூசியதாகத்தான் ஆகும்.

கார்த்திகை மழையில் கருப்புப் பெயின்ட் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிவதால் வருவது. நல்ல வெயில் நாளில் மெலிதாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் மறையும்.

எனக்கு அதிக நஷ்டம் கொடுத்தது சுருக்கம். காலையில் ஒரு கோட் எனாமல் அடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்ததை அடித்தேன். கண்முன்னால் பாலாடை சுருங்குவதுபோல மேல்தோல் சுருங்கி எழுந்தது. மேலே காய்ந்து உள்ளே காயாத பெயின்டைப் புதுப் பெயின்டின் கரைப்பான் கிளப்பிவிடுகிறது. அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையேல் 24 அல்லது 48 மணி நேரம் பொறுங்கள் என்று டின்னில் போட்டிருப்பது அதற்காகத்தான். டின்னுக்கு டின் அந்த நேரம் மாறும், ஒவ்வொன்றையும் படியுங்கள். சுருங்கிவிட்டால் மேலே பூசி மறைக்க முடியாது. நாலைந்து நாள் காயவிட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

முடித்த பிறகு

டின்னைத் தலைகீழாகப் பிடித்து 2, 3 விநாடி அடியுங்கள். குழாய் நுனி பெயின்டுக்கு மேலே வந்துவிடுவதால் கேஸ் மட்டும் ஓடி நாசிலைச் சுத்தமாக்கும். நிறம் நின்றதும் விரலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போவது வீண். வாங்கியதும் டின்னைத் தராசில் வைத்து எடையை அடியில் மார்க்கரால் எழுதிவிடுகிறேன். பின்னால் வேகம் குறைந்தால் எடை சொல்லிவிடும், பெயின்ட் தீர்ந்ததா, அடைப்பா என்று.

அடிக்கும்போது ஊதுபத்தி, சாமி விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். துணி மாஸ்க்கும் என்95-உம் பெயின்ட் துகளை ஓரளவு தடுக்கும், தின்னர் நெடியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும்.

தீர்ந்த டின்னைச் சீறல் அடங்கும்வரை வெளியேற்றிப் பழைய இரும்புக் கடையில், என்ன டின் என்று சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் போகிக்குப் பழைய பாயும் தட்டுமுட்டுச் சாமானும் சேர்த்துக் கொளுத்துவார்கள். அதில் ஒரு டின் விழுந்தாலும் வெடிக்கும். அதனால் மார்கழி கடைசி வாரமே மாடியில் கிடப்பதை எண்ணி, ஒன்று விடாமல் கீழே இறக்கிவிடுகிறேன்.