சுகரோடு டல்லாஸ் போய் வர ஒரு மருந்துக் கணக்கு

என் மனைவிக்குப் பதினாறு வருடமாகச் சுகர். மகன் அமெரிக்காவில் டல்லாஸில் இருப்பதால் இரண்டு முறை போய் வந்தோம், ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம். முதல் தடவை நாங்கள் செய்த தவறு வேறு யாருக்கும் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘அங்கே போய் வாங்கிக்கலாம்’ என்று எதையும் விட்டுவிடாதீர்கள். அவள் சாப்பிடும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்தது. அதுவரை ஒன்று 60 ரூபாய் சுற்றி இருந்தது, இப்போது பத்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அமெரிக்காவில் அதே மருந்தின் ஒரு மாதப் பட்டியல் விலை 573 டாலராக இருந்தது. அந்த ஊர் அரசே கம்பெனியோடு பேரம் பேசி, மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக 2026 ஜனவரியிலிருந்து 197 டாலர் ஆக்கியிருக்கிறது. மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்ற செய்தியையும் பார்த்திருப்பீர்கள். இதெல்லாம் அந்தத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு. விசிட்டர் விசாவில் போகிற நமக்கு இல்லை.

சில மருந்துகள் எவ்வளவு காசு கொடுத்தாலும் அங்கே கிடைக்காது. கிளிக்ளசைடு, வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், வோக்ளிபோஸ் எல்லாம் நம் ஊரில் தெருவுக்குத் தெரு விற்கிறார்கள், அமெரிக்காவில் அவை விற்பனையிலேயே இல்லை. கிளிபென்கிளமைடு இருக்கிறது, ஆனால் கிளைபுரைடு என்று சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். அதனால் டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயர், அளவு, எந்த நோய்க்கு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கம்பெனி வைத்த பெயர் மட்டும் எழுதியிருந்தால் பிரயோஜனமில்லை.

எவ்வளவு எடுத்துப் போவது? சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 90 நாள் மருந்து கொண்டுபோகலாம். அதற்கு மேல் தங்குகிறவர்கள் மீதியைப் பின்னால் கூரியரில் வரவழைக்க வேண்டும். அப்போது டாக்டர் கடிதம், மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், விசா நகல்கள் தேவைப்படும். எங்கள் இன்சுலின் கணக்கு இப்படி: காலை 20, இரவு 14, ஆக ஒரு நாளைக்கு 34 யூனிட். 90 நாளுக்கு 3,060. நம் ஊர்க் குப்பி 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், அதாவது ஒரு குப்பியில் 400. எட்டுக் குப்பி வேண்டும்.

இந்த 40 என்ற எண்ணில்தான் எங்கள் தவறு நடந்தது. முதல் தடவை குப்பியெல்லாம் பத்திரமாக வந்துவிட்டது, சிரிஞ்சு பாக்கெட் திருச்சி வீட்டு மேஜையிலேயே தங்கிவிட்டது. மகன் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்தான். அவள் வழக்கம்போல 20 கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள் வெறும் வயிற்றில் சர்க்கரை 290, அதற்கு அடுத்த நாள் 340. சாப்பாட்டைக் குறை என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன், அது இன்னும் மனசில் உறுத்துகிறது. மூன்றாம் நாள் மகன்தான் கேட்டான்: “அப்பா, நம்ம ஊர் சிரிஞ்சுக்கு மூடி சிவப்புதானே? இது ஆரஞ்சா இருக்கே!”

அங்கே மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின். சிரிஞ்சில் போட்டிருக்கும் கோடுகளும் அதற்கேற்ற மாதிரிதான். அந்த 20 கோட்டில் நிற்பது 0.2 மில்லி. நம் ஊர் மருந்தில் அது வெறும் 8 யூனிட். இருபது போட வேண்டியவள் எட்டுதான் போட்டிருக்கிறாள். திருப்பி நடந்திருந்தால் இன்னும் மோசம்: அவர்கள் ஊர் இன்சுலினை நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய்விடும். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்து. 40 யூனிட் குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு 100 யூனிட் சிரிஞ்சு. இரண்டாம் தடவை 200 சிவப்பு மூடி சிரிஞ்சை எண்ணி எடுத்து வைத்தோம்.

அப்புறம் விமானம். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கீழே சரக்கோடு போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துவிடலாம், ஒரு முறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். ஐஸ் பேக் நேராகக் குப்பியில் படாமல் துண்டில் சுற்றுங்கள். பாதுகாப்புப் பரிசோதனையில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், மருந்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. பயணத்தில் ஊர் நேரம் மாறி ஊசி வேளையும் மாறுகிற அன்று எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

பயணக் காப்பீட்டுப் படிவத்தில் சுகர் இருப்பதை மறைக்காதீர்கள். ‘ஏற்கெனவே உள்ள நோய்’ பகுதியை வரிவரியாகப் படியுங்கள். பல பாலிசிகள் உயிராபத்து வந்தால் மட்டும்தான் அந்த நோய்க்குப் பணம் தரும்.

 

அங்கே போனபின் குப்பி உடைந்துவிட்டால்? வால்மார்ட் கடையில் பழைய வகை ‘ஹியூமன்’ இன்சுலின் ஒரு குப்பி சுமார் 25 டாலருக்கு, பெரும்பாலான மாநிலங்களில் சீட்டில்லாமலே தருகிறார்கள். நம் ஊரில் 30/70 என்று போட்டிருக்கும் கலவை இன்சுலினை அங்கே 70/30 என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அது 100 யூனிட் சரக்கு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் சேர்த்தே வாங்குங்கள், முதல் ஊசிக்கு முன்னால் நம் ஊர் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.