கீபோர்டு போனைக் குறைந்த விலையில் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற மாதம் மதிய உணவு வேளையில், கண்ணாடித் திரையில் அல்லாமல் உண்மையான விசைகளில் தட்டும், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கீபோர்டு போன் ஒன்றை மேசைமேல் வைத்து, "தட்டிப் பாருங்கண்ணா, எவ்வளவு சுகமா இருக்கு, நாலாயிரம்தான்" என்றார். தட்டிப் பார்த்தேன்; உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. "வாட்ஸ்அப் வருதா?" என்று கேட்டதற்கு, "அதுதாண்ணா, கடைக்காரர் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கார்" என்று பதில் வந்தபோது, என் மேசை இழுப்பறைக்குள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் இரண்டு கருவிகளும், பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்ட மூன்றாவது ஒன்றும் நினைவுக்கு வந்தன. இவர் சொன்னதைத்தான் நானும் ஒரு காலத்தில் வீட்டில் சொன்னேன்.

விரிசல் விட்ட திரை, பில் இல்லாத போன், பொருந்தாத சார்ஜர் போன்றவற்றை எவரும் தாமாகவே கவனித்துவிடுவார்கள் என்பதால் அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. கீபோர்டு போனுக்கே உரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## விசைகளைச் சோதித்துவிட்டு இயங்குதளத்தை மறப்பது

பின்புறத்தில் ஒரே சின்னம் இருப்பதால், கீபோர்டு போனுக்குப் பெயர்போன பிளாக்பெர்ரி நிறுவனத்தின் எல்லாப் போன்களும் ஒன்றாகிவிடாது. 2013-இல் வந்த கியூ10, 2014-இல் வந்த பாஸ்போர்ட், கிளாசிக் ஆகிய மூன்றும் பிளாக்பெர்ரி 10 என்னும் தனி இயங்குதளத்தில் ஓடுபவை. அந்தத் தளத்துக்கான வாட்ஸ்அப் ஆதரவு 2017 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2022 ஜனவரி 4 அன்று நிறுவனமே பின்னணிச் சேவைகளை நிறுத்தியதோடு, அந்தக் கருவிகளில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட இனி நம்பகமாக இயங்காது என்று முன்கூட்டியே அறிவித்தும் விட்டது. ஆகவே "போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் கடைக்காரர் எதைப் போடப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது.

2015-இல் வந்த பிரிவ், 2017-இன் கீஒன், 2018-இன் கீ2, கீ2 எல்இ ஆகியவை ஆண்ட்ராய்டில் இயங்குவதால் அந்த நிறுத்தம் அவற்றைப் பாதிக்கவில்லை. ஆனால் பிரிவ் ஆண்ட்ராய்டு 6-உடனும் மற்ற மூன்றும் ஆண்ட்ராய்டு 8.1-உடனும் நின்றுபோயின, பிளாக்பெர்ரி பெயரில் போன்களைத் தயாரித்து வந்த டிசிஎல் நிறுவனமும் 2020 ஆகஸ்ட் 31-உடன் விற்பனையை முடித்துக்கொண்டது. எனவே இவற்றில் ஒன்றை வாங்குமுன், கடையிலேயே பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் வங்கியின் செயலியைத் தேடி, அது நிறுவப்படுகிறதா, உள்ளே நுழைய விடுகிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். சாம்சங் கேலக்சி ஒய் புரோ, நோக்கியா இ63 போன்றவை ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தாலும் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு மட்டுமே ஆகும்.

## நான்கு கோடு சிக்னலை நம்பிப் பணம் கொடுப்பது

இந்தத் தவறைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. பணம் போனதைவிட, ஒரே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பதால் வரும் எரிச்சல் அது.

சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில், அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றுக்காகச் செய்யப்பட்ட ஆண்ட்ராய்டு கீபோர்டு போனைப் பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். சிம்மைப் போட்டதும் 4ஜி என்று காட்டியது, நான்கு கோடும் முழுதாக நின்றது, கடைக்காரர் ஒரு காணொளியை ஓட்டிக் காட்டினார், அது நிற்காமல் ஓடியது. நான் விசைகளின் சத்தத்தில் மயங்கி நின்றேன். மாலையில் வீட்டுக்குப் போனபோது, என் மனைவி ஏழு முறை அழைத்ததாகவும், ஒவ்வொரு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னதாகவும் தெரிந்தது. அந்த ஏழு முறையும் போன் என் சட்டைப் பையில் நான்கு கோடு சிக்னலுடன்தான் இருந்தது.

காரணம் எளியது. 4ஜி வலையமைப்பு அடிப்படையில் தரவுக்காக அமைக்கப்பட்டது. அதன் வழியாகக் குரல் அழைப்பு செல்ல வேண்டுமானால் வோல்ட்டி என்னும் வசதி வேண்டும். அந்த வசதி இல்லாத போன், அழைப்பு வரும்போது பழைய 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசும். என் சிம்மைத் தந்த ஜியோவிடமோ 2016-இல் தொடங்கிய நாள் முதலே 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை; ஆகவே அங்கே வோல்ட்டி இல்லையென்றால் பேச்சே இல்லை. 2ஜி வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம்மில் அழைப்பு வரும், ஆனால் பேசி முடிக்கும்வரை இணையம் படுத்துவிடும்.

காரணம் தேடி நான் அலைவரிசைப் பட்டியலைப் படித்து, இன்னொரு குழியில் விழுந்தேன். ஜியோவின் 4ஜி, 3, 5, 40 என்று எண்ணிட்ட மூன்று அலைவரிசைகளில் இயங்குகிறது. என் கருவியில் 5 இருந்தது. அமெரிக்காவிலும் அது புழக்கத்தில் உள்ளதால் அங்கே விற்ற போன்களில் பெரும்பாலும் இருக்கும். கடையில் நான் கண்ட நான்கு கோடும் அதனால் வந்தவையே. ஆனால் அலைவரிசை பொருந்துவது முதல் படிதான். குறிப்பிட்ட நிறுவனத்தின் வோல்ட்டிக்கான அமைப்பைப் போன் தயாரித்தவர் மென்பொருளில் சேர்த்திருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனத்துக்காகச் செய்த போனில் இந்திய நிறுவனத்தின் அமைப்பு இருக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை, இருக்கவுமில்லை.

மூன்று வாரம் போராடினேன். *#*#4636#*#* என்று தட்டினால் திறக்கும் சோதனைப் பக்கத்தில் வோல்ட்டிக்கான பொத்தானை இயக்குவேன். போனை அணைத்து எழுப்பினால் அது மறுபடியும் அணைந்திருக்கும். சர்வீஸ் கடை ஒன்றில் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து வேறு நாட்டு மென்பொருளை ஏற்றச் சொன்னேன். ஏற்றிய பிறகு கைரேகைப் பூட்டும் சேர்ந்து போனது. விற்றவரிடம் திரும்பிப் போனபோது, அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சிம்மை மாத்திப் போட்டுப் பாருங்க சார்" என்றார். கடைசியில் நாலாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. கூரியர்க்காரரும் கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரும் வாட்ஸ்அப்பில் அழைப்பதில்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இது. நாள்தோறும் பயன்படுத்தும் உங்கள் சொந்த சிம்மைப் போடுங்கள், வைஃபையை அணையுங்கள், ஒருவரை அழைத்து இரண்டு நிமிடமாவது பேசுங்கள், பேசும்போதே திரையின் மேற்பகுதியைப் பாருங்கள். 4ஜி அப்படியே நின்றால் நல்லது. அது 2ஜி என்றோ ஆங்கில இ (E) என்றோ மாறினால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு வெளியிலிருந்து ஒருவரை உங்களை அழைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் போகும் அழைப்பு மட்டும் சரியாக இருப்பதை நம்பி நான் இன்னொரு முறை ஏமாறத் தயாரில்லை. இரட்டை சிம் கருவியானால் இரண்டாவது இடத்திலும் இதையே செய்யுங்கள். நிற்கும்போதே *#06# தட்டி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடை செய்யப்பட்ட கருவியா என்பதும் தெரிந்துவிடும்.

## பெட்டி பிரிக்காதது என்று கூடுதல் விலை கொடுப்பது

லித்தியம் பேட்டரிக்குப் பெட்டி பிரித்ததும் தெரியாது, பிரிக்காததும் தெரியாது. செய்த நாளிலிருந்து அதற்கு வயதாகிக்கொண்டே இருக்கும். 2018-இல் செய்து பெட்டிக்குள்ளேயே இருந்த போனின் பேட்டரி, இத்தனை ஆண்டுகள் சார்ஜ் ஏறாமல் கிடந்ததால் எழும்பாமலேயே போகவும் கூடும். பெட்டிக்காக மூவாயிரம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

## முதல் வரிசையைப் படிக்காமல் வாங்குவது

விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஜெர்மானியக் கருவியில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், பிரெஞ்சுக் கருவியின் முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும்.

## தமிழை வீட்டுக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளலாம் என்று இருப்பது

கணினியில் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறையைப் பழகியவர்கள், அதே வேகத்தில் கைபேசியிலும் அடிக்கலாம் என்று ஆசைப்பட்டு இந்தப் போன்களைத் தேடி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும். தமிழ்99-இல் உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தத்துக்கும் புள்ளிக்குமாக 1 என 31 விசைகள் வேண்டும். கீபோர்டு போனில் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான 26 விசைகள் மட்டுமே. கணினியில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய குறிகள் உள்ள இடங்களில்தான் ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் உட்கார்ந்திருக்கின்றன, அந்த ஐந்து விசைகளும் இங்கே இல்லை. தமிழ் என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கே விசை கிடையாது.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறைக்கு இந்த இடைஞ்சல் இல்லை, ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. பல தமிழ் விசைப்பலகைச் செயலிகள் திரையில் தோன்றும் விசைகளைத் தொட்டால்தான் தமிழைத் தரும்; உண்மையான விசையை அழுத்தினால் ஆங்கில எழுத்து நேராகப் போய் விழும். கடையிலேயே நீங்கள் பயன்படுத்தும் செயலியை நிறுவி, குறிப்பேட்டைத் திறந்து, "ஞாயிறு", "செய்யாழம்" என்று விசைகளாலேயே அடித்துப் பாருங்கள். அப்படி ஒரு சொல் உண்டா என்று கடைக்காரர் கேட்கமாட்டார்.

## சதுரத் திரையை அழகு என்று மட்டும் பார்ப்பது

இன்னும் தயாரிப்பில் உள்ள கீபோர்டு போன்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் யுனிஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைட்டன் வரிசைக்கு வந்து சேர்வார்கள். 2019-இல் அறிமுகமான டைட்டனின் எடை 303 கிராம். சட்டைப் பையில் போட்டால் தோள்பட்டை வரை இழுக்கும். 2021-இன் டைட்டன் பாக்கெட்டுக்கு 3.1 அங்குலச் சதுரத் திரை. நீளத் திரையை மனத்தில் வைத்து வரைந்த செயலிகளில், அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் இந்தச் சதுரத்துக்குக் கீழே எங்கோ மறைந்து நிற்கும், சிலவற்றில் நகர்த்தவும் முடியாது. அமைப்புகளில் திரை அளவையும் எழுத்து அளவையும் மிகச் சிறியதாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

யுபிஐ பின்னை விசைகளிலேயே அடிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பின் கேட்கும் பக்கம் தனக்கென ஓர் எண் பலகையைத் திரையில் கொண்டுவரும், அதைத்தான் தொட வேண்டும். இவ்வளவு விசைகளைக் கையில் வைத்துக்கொண்டு, தேநீர்க் கடையில் பதினைந்து ரூபாய்க்குக் கண்ணாடியைத் தடவ வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

## கண்ணாடியில் தட்டுவது போலவே தட்டுவது

விரல் நுனிச் சதையால் தட்டினால் பக்கத்து விசையும் சேர்ந்து இறங்கும். கட்டைவிரலைச் சற்றுச் சாய்த்து, நகத்தை ஒட்டிய ஓரத்தால் அழுத்த வேண்டும். முதல் பத்து நாள் கண்ணாடியைவிட மெதுவாகத்தான் இருக்கும், அந்தப் பத்து நாளுக்குள் விற்றுவிடுபவர்களின் போன்களைத்தான் நாம் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறோம். பிளாக்பெர்ரியில் எண்கள் ஒரே வரியில் இல்லை: டபிள்யூ, இ, ஆர் மூன்றும் 1, 2, 3, அவற்றுக்குக் கீழே 4, 5, 6, அதற்கும் கீழே 7, 8, 9. பழைய தொலைபேசியின் அமைப்பு என்று நினைத்துக்கொண்டால் கை தானாகப் பழகும். டைட்டனிலும் டைட்டன் பாக்கெட்டிலும் இடைவெளி விசை கடைசி எழுத்து வரிசையில், வி (V), பி (B) எழுத்துகளுக்கு நடுவே இருப்பதால், பிளாக்பெர்ரியிலிருந்து வருபவர்கள் இரண்டு வாரம் சொற்களை ஒட்டியே எழுதுவார்கள். கீஒன்னில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் ஒன்று என 52 குறுக்குவழிகள் வைக்கலாம். நான் ஆறு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் எனக்கு நினைவிருப்பதில்லை.

## ஓரெழுத்து இரண்டாக விழுவதைப் பொருட்படுத்தாமல் விடுவது

வாங்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை அழுத்தி எண்ணுங்கள். பதினொன்று விழுந்தாலும் ஒன்பது விழுந்தாலும் அந்த விசை போய்க்கொண்டிருக்கிறது. கீஒன்னிலும் கீ2-விலும் கைரேகை உணரி இடைவெளி விசைக்குள்ளேயே இருப்பதால், கீபோர்டை மாற்றும்போது கடைக்காரர்கள் ஸ்ட்ரிப் என்று சொல்லும் மெல்லிய பட்டை கிழிந்தால் கைரேகையும் போகும்.

## கீபோர்டு உறை

ஐபோனுக்காக 2024-இல் வந்த கிளிக்ஸ் உறையின் விலை 139 டாலரில் தொடங்கியது. அந்தப் பணத்துக்கு முழுப் போனே வாங்கலாம்.

தம்பி அந்த நாலாயிரம் ரூபாய் போனைத் திருப்பிக் கொடுத்து மூவாயிரம் வாங்கிவந்துவிட்டார். 2018-இல் 29,990 ரூபாய்க்கு விற்ற கீ2 எல்இ ஒன்று, இந்தியாவிலேயே வாங்கியது, பில்லுடன் ஆறாயிரத்துக்கு இருப்பதாகச் சொல்கிறார். சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். அவருடைய சிம்மையும் என்னுடையதையும் கொண்டுபோகிறோம். பதினொரு மணிக்கு இரண்டு எண்ணுக்கும் அழைக்கும்படி என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.