டிரில்லிங் மிஷினைப் பாழாக்கும் பராமரிப்பு

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாலை சேலத்துப் பட்டறைகளைச் சுற்றி வந்தால் ஒரு காட்சி தவறாது. ஆண்டு முழுவதும் அழுக்கேறிக் கிடந்த டிரில்லிங் மிஷினைக் கம்ப்ரெசர் காற்றால் ஊதி, எண்ணெயால் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். அத்துடன் பராமரிப்பு முடிந்தது. கவனிக்காமல் விட்டுக் கெட்ட மிஷின்களைவிட இப்படிக் கவனித்துக் கெட்டவற்றைத்தான் நான் அதிகம் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு அந்தக் காற்று. அது இரும்புத் துகளை வெளியே தள்ளுவதாகத் தோன்றும். உண்மையில் பாதித் துகள், ஸ்பிண்டில் எனும் சுழலும் தண்டு மேலும் கீழும் ஓடும் இடுக்குக்குள்ளும் பியரிங் பக்கமும் போய் உட்காருகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்தால் போதும். துளைக்கும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்கவே கூடாது.

அடுத்தது எண்ணெய். மாக்னசைட் சுரங்கங்கள் உள்ள வடக்குப் பகுதியில் வெள்ளைத் தூசு, நெசவுப் பகுதிகளில் பஞ்சுத் தூசு. இரண்டுமே எண்ணெய் வழியும் மிஷின் தூணில் ஒட்டி உப்புத்தாள் போல அரைக்கும். மெல்லிய படலமாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இரு பக்கமும் மூடிய பியரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் வைப்பதில் பயனில்லை. பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும். வழுக்குகிறதென்று பெல்ட்டை வீணைத் தந்தி போல இறுக்குவது அதைவிட மோசம். அந்த இழுவை முழுவதும் பியரிங்கின் தலையில் விழும். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது டேப்பரை, அதாவது கூம்புப் பொருத்தை, நடத்தும் விதம். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தண்டும் பெரிய டிரில் பிட்டும் ஸ்பிண்டிலின் கூம்புத் துளைக்குள் உராய்வினால்தான் நிற்கின்றன. நுனியிலுள்ள தட்டையான வால் கழற்றுவதற்கு உதவுவது, சுழற்சியைத் தாங்குவதற்கு அல்ல. அங்கே எண்ணெய் விட்டால் பிடிப்புப் போய், வேலை நடுவில் பிட் நின்றுவிடும், ஸ்பிண்டில் மட்டும் சுற்றும். அப்போது ஏற்படும் கீறலை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. ஒரு துகள் உள்ளே இருந்தாலும் பிட் கோணலாக உட்காரும். 10 மில்லிமீட்டர் துளை பெரிதாகிப் போவதைப் பார்த்துவிட்டுப் பிட்டைக் குறை சொல்வார்கள். குச்சியில் உலர்ந்த துணியைச் சுற்றி உள்ளே துடையுங்கள். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் கரகரப்பு தெரியும். கழற்றுவதற்குச் சுத்தியலால் சக்கைப் பக்கவாட்டில் அடிக்காதீர்கள். ஸ்பிண்டிலின் நீள்துளையில் ஆப்பை நுழைத்து மெதுவாகத் தட்டினால் விழுந்துவிடும். கீழே மரக்கட்டை வையுங்கள், இல்லையேல் சக்கு மேசையில் விழுந்து அடுத்த செலவு.

சக்கு சாவியை ஒரே துளையில் போட்டு இறுக்குவதும் பரவலான பழக்கம். மூன்று துளைகளிலும் மாற்றி மாற்றி இறுக்கினால் பிட் நழுவாது.

இரும்பாலை ஊரில் ஸ்டெயின்லெஸ் தகடு துளைக்காத பட்டறை குறைவு. மைல்ட் ஸ்டீல் எனும் சாதாரண இரும்பில் 10 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று ஓட்டுபவர், ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் பெல்ட்டை வேறு புல்லிப் படிக்கு மாற்றாமல் அதே வேகத்தில் ஓட்டுவார். பிட் மழுங்கி வெறுமனே உராயும். உராய்ந்த இடம் கெட்டியாகும். ஆள் கைப்பிடியில் தொங்குவார். பாதி வேகமும் கூலன்ட்டும் தடையற்ற அழுத்தமும் கொடுத்தால் மிஷின் அலறாது.

பூஜையில் குறை சொல்லவில்லை. ஒரு பட்டறையில் மேசை மீது வைத்த சந்தனப் பொட்டுகளை ஐப்பசி மழைக்காலம் முழுவதும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். கார்த்திகையில் நான் துடைத்தபோது, ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் காலணா அளவு துருக்குழி. பெயின்ட் அடித்த உடம்பில் பொட்டு வையுங்கள். அல்லது மறுநாள் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள்.